மத்தி எண்ணெய் பூசிய மோட்டார் சைக்கிள்

தார்ப்பாயை வலது கையால்தான் இழுத்தேன். இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டு வைத்திருந்தேன். முதலில் வெளியே வந்தது வண்டி அல்ல, வாடை. அதன் பின்னால் மூன்று பூனைகள்.

மூன்று வருஷத்துக்கு மேல் பஹ்ரைனில் இருந்துவிட்டு மட்டாஞ்சேரிக்குத் திரும்பிய மறுநாள் காலை அது. வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த பழைய சுக்குக் கிடங்கில்தான் என் மோட்டார் சைக்கிளை மூடி வைத்துவிட்டுக் கப்பல் ஏறியிருந்தேன். உப்புக்காற்று ஆணியைத் தின்னும், பூட்டைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும் ஊர் எங்கள் ஊர். தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு டயரும் ஒரு துருக் குவியலும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படி இருந்துவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். அதற்குக் காரணம் இருந்தது, சொல்கிறேன்.

கிடங்கு வாசலில் என் மனைவி ஜைனம்பு நின்றிருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எங்கள் மகள். நான் புறப்படும்போது அவளுக்குப் பல் முளைக்கவில்லை. இப்போது, "இந்த ஆளு எப்ப போவாரு உம்மா?" என்று என் முன்னாலேயே கேட்கிற வயசு.

"என்ன நாத்தம் இது?" என்றேன்.

"மத்தி எண்ணெ."

"வண்டிக்கா?"

"பின்னே மீனுக்கா பூசுவாங்க?" என்றாள் ஜைனம்பு.

பட்டாளத்தான்

என் பழைய கதை ஒன்றைப் படித்துவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து ஓர் அன்பர் கடிதம் போட்டிருக்கிறார். தமிழனுக்கு மட்டாஞ்சேரியில் என்ன வேலை என்று கேட்கிறார். அன்பரே, நல்லமிளகு இருந்த இடத்தில் எல்லாருக்கும் வேலை இருந்தது. குஜராத்திச் சேட்டு இருந்தார், கொங்கணி இருந்தார், யூதர் இருந்தார், எங்களைப் போல ராவுத்தர் குடும்பங்களும் இருந்தன. வீட்டில் தமிழ் பேசுவோம். சண்டை போட மட்டும் மலையாளம், அதில் வேகம் கூடுதல்.

எனக்கு வாய்த்த வேலை சாம்பிள் கொண்டு வருவது. ஆலுவா, பெரும்பாவூர்ப் பக்கம் மலைச்சரக்கு வந்து இறங்கும். மூட்டைக்கு ஒரு கைப்பிடி எடுத்துச் சின்னச் சின்னத் துணிப்பையில் கட்டிக்கொண்டு, காலை பதினோரு மணிக்குள் மட்டாஞ்சேரி பஜாரில் சேட்டின் மேசையில் வைக்கவேண்டும். சேட்டு ஒரு மிளகை எடுத்துக் கடிப்பார். கடித்ததும் விலை சொல்வார். பதினொன்றரைக்குப் போனால் வேறொருவர் கடித்து முடித்திருப்பார். பஸ்ஸை நம்பி இந்த வேலை பார்க்க முடியாது.

அதற்காக வாங்கியதுதான் அந்த வண்டி. யுத்தம் முடிந்தபிறகு பட்டாளம் கழித்துவிட்ட வண்டிகளில் ஒன்று. பச்சைப் பெயின்ட், எருமை கனம், மழையில் நனைந்தால் இருமல். பட்டாளத்தான் என்று பெயர் வைத்தோம். அவன்மேல் உட்கார்ந்து தோப்பும்படிப் பாலத்தில் ஏறும்போது கீழே காயல் மினுங்கும் பாருங்கள், அந்த நேரத்தில் நான் சேட்டுக்கும் சேட்டு.

பிறகு வியாபாரம் படுத்தது. நண்பர்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். நானும் ஒரு துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலைக்குப் போனேன்.

பூசணிக்காயும் சோறும்

பஹ்ரைன் போன இரண்டாம் வருஷம், ஒரு கப்பலிலிருந்து சரக்கு இறக்கும்போது கம்பி வடம் என் இடது கையைப் பிடித்துக்கொண்டது. விட்டபோது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

இதை நான் வீட்டுக்கு எழுதவில்லை. எழுதுவது வலது கைதானே, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே, 'இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்' என்று மாதாமாதம் எழுதினேன். ஏன் மறைத்தேன் என்று கேட்டால், முதல் மாதம் அவள் அழுவாளே என்று. இரண்டாம் மாதம், முதல் மாதமே ஏன் சொல்லவில்லை என்பாளே என்று. அப்புறம் எழுதவே வழியில்லாமல் போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதைதான்.

அந்த நிலையில்தான் சேட்டின் கடிதம் வந்தது. வியாபாரம் மறுபடி எழுந்துவிட்டது, நீயும் உன் வண்டியும் இருந்தால் பழைய வேலை இருக்கிறது, வந்ததும் ஒரு திங்கட்கிழமை ஆலுவா போய்வந்து காட்டு என்று எழுதியிருந்தார். பஹ்ரைனிலோ, இரண்டு வார விடுமுறை முடிந்ததும் புறப்படும் கப்பலில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள். ஒன்று வண்டி, இல்லாவிட்டால் கப்பல். கப்பல் என்றால் இன்னும் மூன்று வருஷம்.

மோட்டார் சைக்கிள் ஓட்டாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இடது கைப்பிடிக்கு முன்னால் கிளச் என்று ஓர் இரும்புப் பிடி இருக்கும். கியர் மாற்றும்போது, நிற்கும்போது, புறப்படும்போது, அதை விரல்களால் இழுத்துப் பிடித்து மெல்ல விடவேண்டும். பட்டாளத்தானின் கிளச் நாலு விரல் உள்ளவனையே நாலு மைலில் அழவைக்கும். எனக்கு மிச்சம் இருந்தது மோதிர விரலும் சுண்டு விரலும்.

அதனால்தான் வண்டி துருப்பிடித்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வண்டி கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறலாம். கை கெட்டுவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வந்து இறங்கிய அன்று இடது கையில் துண்டைச் சுற்றியிருந்தேன். "கையில என்ன?" என்றாள் ஜைனம்பு. "சுளுக்கு" என்றேன். "சரி" என்றாள். எவ்வளவு சுலபமாக ஏமாந்துவிட்டாள் என்று நினைத்தேன். யார் ஏமாந்தது என்பது மறுநாள் தெரிந்தது.

ஒற்றைக் கொம்பு

மறுநாள் கிடங்கில் தார்ப்பாய் முழுசாக விலகியதும் பார்த்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. சக்கரக் கம்பி, சைலன்சர், விளக்கு வளையம், எல்லாம் எண்ணெய் குடித்துப் பழுப்பாக மின்னின. வள்ளத்துக்குப் பூசுகிற மாதிரியே பூசியிருந்தாள். இந்தப் பக்கத்தில் மரவள்ளம் உப்புத் தண்ணீரில் ஊறாமல் இருக்க மத்தி எண்ணெய்தான் பூசுவார்கள். சீட்டுத் தோலுக்கும் பூசியிருந்தாள், டயருக்கும் பூசியிருந்தாள். தண்ணீரில் விட்டால் மிதந்திருப்பான்.

அப்புறம்தான் என் கண் இடது கைப்பிடிக்குப் போனது.

கிளச் இரும்போடு ஓர் ஆஞ்சிலி மரக் கட்டை சேர்ந்திருந்தது. நாலு விரல் அகலத்துக்கு வெளியே நீண்டிருந்தது. ஆணி இல்லை, திருகு இல்லை. வள்ளத்துப் பலகையைத் தைப்பதுபோலக் கயிற்றால் இறுக்கித் தைத்து, எண்ணெய் ஊற்றி இறுகவைத்திருந்தது. கைப்பிடியும் அதே அளவுக்கு மரத்தால் நீண்டிருந்தது. கட்டையின் நுனியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பள்ளம். ஒரு பக்கக் கொம்பு மட்டும் வளர்ந்த மாடு மாதிரி நின்றான் பட்டாளத்தான்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் காது சூடாகிவிட்டது. பைக்குள் இருந்த கையை இன்னும் ஆழமாக உள்ளே விட்டுக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்தோ தெரிந்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். ஜைனம்பு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள்.

"சாயா ஆறிப்போவுது" என்றாள், அவ்வளவுதான்.

வறீது சேட்டன் சொன்னது

கயிற்றால் அப்படித் தைக்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். வைப்பினில் வள்ளம் கட்டுகிற வறீது சேட்டன், அதாவது வறீது அண்ணன், என் பழைய சிநேகிதர். பட்டாளத்தானின் பின்சீட்டில் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்கிற மனுஷன். அன்றைக்கே கோட்டைக்கொச்சிக்கு நடந்து போய், படகு ஏறி வைப்பினில் இறங்கினேன்.

பாதி கட்டிய வள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "கையைக் காட்டு" என்றார்.

காட்டினேன். கட்டைக்கு அளவு பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவ சொன்ன அளவு சரிதான்" என்றார்.

"அவளுக்கு யார் சொன்னது?"

"ஞான்தான். என் அளியன், பெண்டாட்டியோட தம்பி, உன் துறைமுகத்திலதானே சோலி பாக்குறான். லீவுல வந்தப்ப சொன்னான். ஞான் போய் அவகிட்டச் சொன்னேன், எனக்கு மனசு கேக்கல."

"அழுதாளா?"

"அதை அவகிட்டக் கேளு. என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. சேட்டா, எந்த ரெண்டு விரல்னு."

வறீது சேட்டன் சொல்லச் சொல்ல நான் மரச்சீவலைக் காலால் கிளறிக்கொண்டு நின்றேன். எண்ணெய் யோசனை அவளுடையதுதான். நான் போன புதிதில் ஒருநாள், "வள்ளம் எப்படி சேட்டா துருப்பிடிக்காம இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். "மரம் எப்படி மோளே துருப்பிடிக்கும்?" என்று இவர் சிரித்திருக்கிறார். சிரித்துவிட்டு எண்ணெயும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

எஞ்சினை ஓடவிடாமல் வைத்தால் செத்துவிடும் என்று நான் போகும்போது சொன்னதை அவள் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மாவுக்கு பாங்கு சொன்னதும் எங்கள் தெருவில் ஆண்பிள்ளை ஒருவன் இருக்கமாட்டான். அந்த நேரம் பார்த்துக் கிடங்குக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, கிக்கரை உதைப்பாளாம். குத்பா பிரசங்கம் நடக்கும்போது பள்ளிவாசல் வரைக்கும் படபடவென்று கேட்குமாம். யார் என்று போய்ப் பார்க்கவேண்டிய பெரியவர்கள் எல்லாம் பள்ளிக்குள்ளே. தெருப் பெண்களுக்குத் தெரியும், ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தொழுதுவிட்டுத் திரும்புகிற ஆண்களுக்குக் கிடைத்தது சைலன்சரில் காய்ந்த மத்தி எண்ணெய் வாசம் மட்டும்தான். யார் வீட்டிலோ மீன் பொரிக்கிறார்கள் என்று பசியோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

"கிளச்சுக் கட்டையை மூணு தவண திருப்பி அனுப்பிச்சா" என்றார் வறீது சேட்டன். "சேட்டா சும்மா செய்யுறீங்க, எனக்கு இழுக்க வரலைன்னு. என்ன செஞ்சா தெரியுமோ? தன்னோட அதே ரெண்டு விரலையும் உள்ளங்கையோட வச்சு, ரிப்பனால கட்டிக்கிட்டா. மிச்சம் ரெண்டு விரலாலயே இழுத்துப் பார்த்தா. பள்ளம் வெட்டச் சொன்னதும் அவதான். விரல் வழுக்குதாம். எடா, நாப்பது வருஷமா வள்ளம் கட்டுறேன், இப்படியொரு கணக்குக்காரியை ஞான் கண்டதில்லை."

நானும் கண்டதில்லை. மூன்று வருஷம் குடும்பம் நடத்திவிட்டுத்தான் கப்பல் ஏறினேன், ஆனாலும் கண்டதில்லை. திரும்பி வரும் படகில் எனக்கு அவள்மேல் பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம் ஏன் என்றால், என் பொய்யை அவள் அத்தனை மாதம் கடிதம் கடிதமாகப் படித்துவிட்டு, 'இவ்விடமும் நலம்' என்று பதில் போட்டிருக்கிறாளே, அதற்காக.

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருக்கிறது.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை விடிந்ததும் வண்டியைத் தெருவுக்குத் தள்ளினேன். முதல் உதையிலேயே உயிர் வந்தது. முழங்காலுக்கு நடுவில் அந்தத் துடிப்பு ஏறியதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாலைவனத்தில் மூன்று வருஷம் லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து போனவனுக்குத்தான் அது தெரியும்.

ஜைனம்பு வாசலில் நின்று, "நுனியைப் பிடிங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மீசை அரும்புவதற்கு முன்பே வண்டி ஓட்டியவன் நான், கிளச் பிடிக்கப் பெண்டாட்டி பாடம் எடுக்கவேண்டுமா? நுனியைப் பிடிக்கவில்லை. கை போய்ப் பழகின இடத்தில், கட்டையின் நடுவில்தான் பிடித்துக்கொண்டு போனேன்.

போகும்போது ஒன்றும் தெரியவில்லை. எர்ணாகுளம் தாண்டி, இடப்பள்ளி தாண்டி, ஏலூர்ப் பக்கத்து ஆலைப் புகையை இடதுபுறம் விட்டு ஆலுவா போய்ச் சேர்ந்தேன். மூக்கில் காற்று, மடியில் வெயில். வழியெல்லாம் நாய்கள் துரத்தின. முன்பும் துரத்தியிருக்கின்றன, இந்தத் தடவை மீன் ஆசையில். பன்னிரண்டு பை சாம்பிள் கட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

திரும்பும்போது விரல்கள் மரக்க ஆரம்பித்தன. வெண்டுருத்தி தாண்டும்போது சுண்டுவிரல் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தேன். தோப்பும்படிப் பாலத்துக்கு வந்தால் நடுப்பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். ஏதோ பெரிய வள்ளம் உள்ளே போகிறது. சரிவில் ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் நின்றேன், எனக்குப் பின்னால் ஒரு லாரி.

பாலம் இறங்கியது. மாட்டுவண்டி நகர்ந்தது. கியரைப் போட்டுக் கிளச்சை விட்டேன். விரல் நிற்கவில்லை, கட்டை சட்டென்று நழுவியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மறுபடி உதைத்தேன், மறுபடி அணைந்தது. வண்டி பின்னால் சரிந்து லாரியின் முகப்பில் போய் முட்டியது. லாரிக்காரன் தலையை நீட்டி, "எந்தாடோ, ஓட்டத் தெரியாதவன் எந்தினா ஏறினே?" என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் வண்டியைத் திட்டினேன், பாலத்தைத் திட்டினேன், வறீது சேட்டனின் கயிற்றைத் திட்டினேன்.

திட்டி முடித்தபோது பயம் வந்தது. இந்தச் சரிவில் ஏறாவிட்டால் பதினோரு மணிக்குச் சேட்டின் மேசை காலி. சேட்டு என்ன சொல்வார் என்று தெரியும். இரண்டு வாரத்தில் கப்பல். இந்தத் தடவை அவள் எதை எண்ணெய் போட்டுக் காத்து வைக்கவேண்டும்?

அப்போதுதான் கையை வெளியே நகர்த்தி நுனியைப் பிடித்தேன்.

மோதிர விரல் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது, சுண்டுவிரல் இன்னொன்றில். இழுத்தேன். அந்த முரட்டுக் கிளச் கதவுத் தாழ்ப்பாள்போல வந்தது. நூல் நூலாக விட்டேன். பட்டாளத்தான் உறுமிக்கொண்டு மாட்டுவண்டியைத் தாண்டி மேலே ஏறினான். மாட்டுவண்டியை ஒட்டிப் போகும்போதே, என் பெண்டாட்டி மாதிரி இந்த ஊரில் ஒருத்தி உண்டா என்று வாய்விட்டே கேட்டேன். மாட்டுவண்டிக்காரர் தலையாட்டினார்.

சேட்டின் மேசையில் பைகளை வைத்தபோது கடிகாரத்தில் பதினொன்றாக இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. சேட்டு மிளகைக் கடித்தார். என் கையைப் பார்த்தார். வாசலில் நின்ற வண்டியின் கொம்பைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாளைக்கும் வா, இதைக் குளிப்பாட்டிக் கொண்டு வா" என்றார்.

அன்றைக்கு

நேராக வீட்டுக்குப் போகவில்லை. தபாலாபீஸுக்குப் போய், வரவில்லை என்று பஹ்ரைனுக்குத் தந்தி கொடுத்துவிட்டுப் போனேன்.

ஜைனம்பு அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "வேலை கிடைச்சிடுச்சு. கப்பலுக்கு வரலைன்னு தந்தி குடுத்துட்டேன்" என்றேன். அவள் களைந்த தண்ணீரை ஊற்றினாள், அரிசியை உலையில் போட்டாள், மூடினாள். அதற்குப் பிறகுதான் திரும்பினாள்.

"காட்டுங்க" என்றாள்.

மூன்று நாளாகத் துண்டுக்குள்ளும் பைக்குள்ளும் இருந்த கையை அவள் முன் நீட்டினேன். மரம் உரசி இரண்டு விரலிலும் கொப்புளம் உடைந்திருந்தது. கீழே உட்காரவைத்து, என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேங்காயெண்ணெய் தடவினாள். கொப்புளத்தில் தடவினாள். பிறகு விரல் இல்லாத இடத்துக்கு வந்தாள். அங்கே நிறுத்தாமல், மற்ற இடம்போலவே அங்கேயும் தடவினாள்.

"வலிச்சுதா?" என்றாள்.

"முப்பது மைல்தானே, இதெல்லாம் ஒரு வலியா?" என்று நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"இன்னைக்குக் கேக்கல" என்றாள், தலை நிமிராமல். "அன்னைக்கு."

ஊர்ப்பட்ட கடிதங்களில் எழுதாத அந்தச் சொல் எனக்கு மெல்லத்தான் வந்தது.

"வலிச்சது" என்றேன்.